ஊருக்குப் போகிறவர்கள் நோட்டு

சரோஜம்மாளின் வலது முழங்கால் படி ஏறும்போது ஒன்றும் சொல்லாது. இறங்கும்போதுதான் தன் வேலையைக் காட்டும். கெம்பேபள்ளி துணை சுகாதார நிலையத்துக்கு வாசலில் மூன்றே படிகள். தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு வெளியே வரும்போது கதவு நிலையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நிற்பாள். பார்க்கிறவர்கள் நர்சம்மா எதையோ மறந்துவிட்டு யோசிக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அவள் யோசிப்பதெல்லாம் இன்றைக்கு எத்தனை லைன் நடக்க வேண்டும் என்பதைத்தான்.

மத்தூர்ப் பக்கத்துப் பெண். கிராம சுகாதார செவிலியராக இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். அதில் கடைசிப் பன்னிரண்டு வருஷம் ஓசூரை ஒட்டிய இந்தக் கெம்பேபள்ளியில். கணவர் திம்மராயன் மத்தூரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டார். சனிக்கிழமை பஸ் ஏறி ஞாயிறு சாயங்காலம் திரும்புகிற குடும்ப வாழ்க்கை. அவள் வந்த புதிதில் கெம்பேபள்ளி ராகியும் அவரையும் விளைகிற ஊர். பாதி வீட்டில் தெலுங்கு, மீதியில் கன்னடம், நடுநடுவே தமிழ். எந்த வீட்டுக் குழந்தையிடம் எந்தப் பாஷையில் வாயைத் திறக்கச் சொல்ல வேண்டும் என்பது அவளுக்கு மனப்பாடம். பிறகு சிப்காட்டில் கம்பெனிகள் பெருத்தன. ராகி வயல்கள் லைன் வீடுகளாயின. எதிரெதிரே பத்துப் பத்து அறை, நடுவில் ஒரு நடை, கோடியில் இரண்டு கக்கூஸ், ஒரு தண்ணீர்த் தொட்டி. அருப்புக்கோட்டை, சாத்தூர், திருச்சுழி என்று தெற்கேயிருந்து பையன்கள் வந்தார்கள். ஷிப்ட்டுக்குப் போனார்கள். இரண்டு வருஷத்தில் ஊருக்குப் போய்க் கல்யாணம் முடித்துக்கொண்டு மனைவியோடு திரும்பினார்கள்.

ஒரு துணை நிலையத்துக்கு, ஒரு நர்சுக்கு, ஐயாயிரம் பேர் என்பது அரசாங்கக் கணக்கு. 2001 கணக்கெடுப்பின்படி கெம்பேபள்ளியில் ஐயாயிரத்து இருநூறு பேர். அந்த எண்ணைச் சுவரில் பெயின்ட்டால் எழுதியிருந்தார்கள். ஆனால் ஒவ்வொரு ஏப்ரலிலும் சாக்பீஸோடு போய், கதவுக்குக் கதவு நம்பர் போட்டுத் தலை எண்ணுகிறவள் சரோஜம்மாள். 2007 ஏப்ரலில் அவளுக்கு வந்த எண் பதினாலாயிரத்து அறுநூறு. சாக்பீஸ் மட்டும் மூன்று டப்பா தீர்ந்தது.

ஊரை இரண்டாகப் பிரிக்க வேண்டும், மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொரு துணை நிலையமும் இன்னொரு நர்சும் வேண்டும் என்று அவள் ஐந்து தடவை எழுதிக் கொடுத்திருந்தாள். ஐந்து தடவையும் ஒரே பதில் வந்தது. பதிவான கர்ப்பிணிகள், பிரசவங்களின் எண்ணிக்கையைப் பார்க்கையில் அவசியம் எழவில்லை. அவள் ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம். அதற்குள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு நர்சைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். அவளுடைய ஆசையெல்லாம் இப்போது அவ்வளவாகச் சுருங்கியிருந்தது.

பதிலில் சொன்ன எண்ணிக்கை அவள் எழுதிக் கொடுத்த எண்ணிக்கைதான். உள்ளே குத்துகிற முள் அது.

தெற்கத்திப் பெண்கள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போய்விடுவார்கள். ஏழாம் மாதம் வளையல் போட்டு, பிறந்த வீட்டுக்காரர்கள் வேன் வைத்து வந்து கூட்டிப்போவார்கள். கண்ணாடி வளையல் சத்தம் நடையில் கேட்டால், சரோஜம்மாள் இரண்டாவது டி.டி. தடுப்பூசி போட்டாயிற்றா என்று மனசுக்குள் கணக்குப் பார்ப்பாள். போன பெண் ஆறேழு மாதம் கழித்துக் கைக்குழந்தையோடு திரும்புவாள். அதற்குள் புருஷன் வேறு கம்பெனிக்கு மாறி, வேறு லைனுக்குக் குடி போயிருப்பான். சில பேர் திரும்புவதே இல்லை.

பதிவேட்டில் கடைசிக் கட்டம் ஒன்று உண்டு. பிரசவம் எங்கே, எப்போது, குழந்தை ஆணா பெண்ணா, எடை என்ன. பதிந்த ஒவ்வொரு தாய்க்கும் அதை நிரப்பியாக வேண்டும். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் லேசில் விடமாட்டார்கள். பெண் குழந்தை என்று தெரிந்து ஏதாவது செய்துவிட்டார்களோ என்று விசாரணை வரும். வரவும் வேண்டும்தான். விசாரணை வராமல் போன வீடுகளை அவள் பார்த்திருக்கிறாள். ஒரு காலிக் கட்டத்துக்கு நான்கு பக்க விசாரணைப் படிவம். 2004இல் ஒரே மாதம் பதினான்கு கட்டங்கள் காலி. வட்டார மருத்துவ அலுவலர் அசோக்குமார் மாதாந்திரக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

“பதினாலு தாய் எங்கம்மா போனாங்க?”

“அம்மா வூட்டுக்குப் போயிருக்காங்க சார்.”

“பதினாலு பேருமா?”

“பதினாலு பேருக்கும் அம்மா இருக்காங்க சார்.”

கூட்டத்தில் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அந்த மாதம் பதினான்கு படிவத்தையும் அவள் வீடு வீடாகப் போய் எழுதினாள். பூட்டிய கதவுகளுக்கு முன்னால் நின்று பக்கத்து அறைக்காரர்களிடம் விசாரித்தாள். போலீஸ் வந்தமாதிரி பயந்தார்கள்.

வழி சொன்னவர் சென்னகிருஷ்ணன். வட்டாரப் புள்ளிவிவர ஊழியர், சூளகிரிக்காரர், வீட்டில் தெலுங்கு. கெட்ட மனுஷன் இல்லை. எண்கள் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் அவருக்கு நெஞ்சு கரிக்கும்.

“சிஸ்டர், நான் ஒண்ணு சொல்லட்டா? தெக்கத்திக்காரங்கள்ல தலைப்பிரசவத்துக்குப் போறதுங்களுக்கு நம்பர் குடுக்காதீங்க. இங்க பெறப்போறதுங்கள மட்டும் பதிவேட்டுல ஏத்துங்க. பதிவும் பிரசவமும் சரியா நிக்கும்.”

“அப்ப அதுங்களுக்கு ஊசி?”

“போடுங்க. வாணாம்னா சொன்னன்? தனியா ஒரு நோட்டுல எழுதிக்குங்க. மருந்துக் கணக்குல வீணானதுன்னு காட்டிடுங்க. ஒரு குப்பியில பத்து டோஸ். ஒடைச்சா மீதி வீணாத்தான போவுது. யாரு கேக்கப் போறா?”

அவள் அன்று களைத்திருந்தாள். சரி என்று சொன்னதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. நீல அட்டை போட்ட கோடு நோட்டு ஒன்றை வாங்கி, முதல் பக்கத்தில் ‘ஊருக்குப் போகிறவர்கள்’ என்று எழுதினாள். மூன்று வருஷத்தில் அது நான்கு நோட்டானது. காலிக் கட்டங்கள் நின்றன, விசாரணைகள் நின்றன, கூட்டத்தில் அவள் பெயரைச் சொல்லிக் கேள்வி கேட்பதும் நின்றது. கெம்பேபள்ளி தாளில் மெலிந்துகொண்டே போனது. வெளியே அது பெருத்துக்கொண்டே போனது.

2007 ஆனியில் ருக்மணிக்கு அப்படி ஆனது.

ரோட்டுக்கு அந்தப் பக்கம், ராமப்பன் லைனில் ஏழாம் அறை. இருபது வயது. ஐந்தாம் மாதத்தில் ரத்த அழுத்தம் பார்த்து, ஊசி போட்டு, நோட்டில் எழுதியிருந்தாள். ஏழாம் மாதம் தாய்வீடு போய்விடுவாள் என்றும் எழுதியிருந்தாள். போகவில்லை. அவளுடைய அம்மா வேனிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டதால் வளைகாப்பு நின்றுவிட்டது. பதிவேட்டில் இருக்கிற பெண்ணாக இருந்தால் ஒவ்வொரு மாதமும் பார்க்க வேண்டியவர்கள் பட்டியலில் அவள் பெயர் வந்திருக்கும். நோட்டில் இருக்கிற பெண்களுக்குப் பட்டியல் கிடையாது. சரோஜம்மாளின் மனசில் அவள் சாத்தூருக்குப் போய்விட்டாள். முழங்காலும் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

எட்டாம் மாதம் தண்ணீர்த் தொட்டியருகே ருக்மணிக்கு வலிப்பு வந்தது. கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆஸ்பத்திரிதான் பக்கம் என்று ஆட்டோவில் அங்கே கொண்டுபோனார்கள். ருக்மணி பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. இறந்தது கர்நாடகாவில் என்பதால் அதுவும் கெம்பேபள்ளிக் கணக்கில் வரவில்லை.

சரோஜம்மாள் போய்ப் பார்த்தபோது, ருக்மணி பாயில் சுவரோரம் திரும்பிப் படுத்திருந்தாள். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை.

“நர்சக்கா, நீங்க வருவீகன்னு பாத்தேன். கால் வீங்குச்சு. வந்தா கேக்கணும்னு இருந்தேன்.”

“நீ ஊருக்குப் போய்ட்டன்னு நெனச்சிட்டன்மா.”

“ஆமாக்கா. எல்லாரும் அப்பிடித்தான் நெனச்சாக.”

லைன் வீட்டு நடையில் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். சரோஜம்மாள் ரத்த அழுத்தம் பார்த்தாள், எழுதிக்கொண்டாள், எழுந்தாள். இந்தத் தடவை சமதரையிலேயே முழங்கால் வலித்தது.

ஆவணியில் சட்டமன்றக் குழு வருகிறது என்று செய்தி வந்தது. மாவட்டத்தில் சுகாதார வசதிகள் மக்கள்தொகைக்கு ஏற்பத் திட்டமிடப்பட்டுள்ளனவா என்று ஆராய்கிற குழு. முன்கூட்டியே நாற்பத்து மூன்று கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். சென்னகிருஷ்ணன் ஒரு வாரம் வீட்டுக்குச் சாப்பிடப் போகாமல் பதில் நிரப்பினார். பார்வையிடுவதற்குப் பர்கூர்ப் பக்கம் ஒரு துணை நிலையத்துக்குச் சுண்ணாம்பு அடித்து, வாசலில் குரோட்டன்ஸ் தொட்டிகள் வைத்திருந்தார்கள். கெம்பேபள்ளிக்கு யாரும் வரப்போவதில்லை. சரோஜம்மாள் அன்று பழைய புடவைதான் கட்டியிருந்தாள்.

குழுவில் தெற்கத்திக்காரர் ஒருவர் இருந்தார். அறுபது வயது, சட்டமன்றத்துக்குப் போவதற்கு முன்னால் இருபது வருஷம் மருந்துக் கடை வைத்திருந்தவர். காலையில் கிருஷ்ணகிரியில் நடந்த கூட்டத்தில் மற்றவர்கள் பதில்களைப் படித்துக்கொண்டிருக்க, அவர் பின்னிணைப்பில் மருந்து இருப்புப் பட்டியலைப் படித்திருக்கிறார். மாவட்டத்திலேயே அதிக டி.டி. ஊசி மருந்து வீணாகிற இடம் எது என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டு, “எனக்குப் பர்கூர் வேண்டாம். இந்தக் கெம்பேபள்ளிக்குப் போவோம்” என்று சொல்லிவிட்டார்.

மத்தியானம் இரண்டு மணிக்கு ஆறு ஜீப்புகள் ரோட்டிலிருந்து திரும்பின. டாக்டர் அசோக்குமார் முன்னால் ஓடிவந்து மூச்சு வாங்கினார்.

“ஏம்மா, நாற்காலி எத்தன இருக்குது?”

“ஒண்ணு சார். ஸ்டூல் ஒண்ணு.”

“பக்கத்து வூட்டுல வாங்குங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, தெரிஞ்சுதா.”

மருந்துக்கடைக்காரர் நாற்காலியில் உட்காரவில்லை. குழந்தைகளை எடை போடுகிற தராசைத் தட்டிப் பார்த்தார். ஐஸ் பெட்டியைத் திறந்து மூடினார். சுவரில் பெயின்ட் எண்ணைப் படித்தார். பிறகு இருப்புப் பதிவேடு இரண்டையும் கேட்டார், மருந்துக்கு ஒன்று, ஊசிக்கு ஒன்று.

“போன வருஷம் டி.டி. எத்தன டோஸ் வாங்கினீங்கம்மா?”

“நானூத்தி எம்பதுங்க.”

“கர்ப்பிணிகளுக்குப் போட்டது?”

“இருநூத்தி ஆறு. நூத்தி மூணு பேருக்கு ரெண்டு ரெண்டு.”

“மீதி?”

“வீணானதுங்க. இருநூத்தி எழுவத்தி நாலு.”

“நூத்துக்கு அம்பத்தேழு. என் கடையில இப்பிடி வீணாயிருந்தா எங்கப்பா என்னைய வீட்ட விட்டு வெரட்டியிருப்பாரு.” கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவர் இரண்டாவது பதிவேட்டைப் புரட்டினார். “சரி, கண்ணாடிக் குப்பி ஒடைச்சா மருந்து வீணாகும். ஒத்துக்கிடுதேன். ஊசி வீணாகாதுல்லா. ஒரு ஆளுக்கு ஒரு ஊசி. இதுல நானூத்தி நாப்பத்திரெண்டு ஊசி செலவுன்னு இருக்கு. இருநூத்தி ஆறு போக, மீதி எரநூத்தி முப்பத்தாற செவுத்துக்கா போட்டீக?”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. சென்னகிருஷ்ணன் ஜன்னல் பக்கம் பார்த்தார். ஊசிப் பதிவேட்டை மாற்றி எழுதச் சொல்ல மூன்று வருஷமாக அவருக்கே தோன்றவில்லை. சரோஜம்மாளுக்கும் தோன்றவில்லை. செலவானதைச் செலவு என்று எழுதியிருந்தாள், அவ்வளவுதான்.

டாக்டர் முந்திக்கொண்டார். “எழுத்துப் பிழை சார். வயசாயிடுச்சு அவங்களுக்கு.”

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கரையேறியிருக்கலாம். எழுத்துப் பிழை என்றால் ஒரு மெமோ, அதற்கு ஒரு பதில், அதோடு முடிந்தது. ஓய்வூதியத்துக்குப் பழுது வராது. ஆனால் ஒப்புக்கொண்டால், ரோட்டுக்கு அந்தப் பக்கம் நர்ஸ் வேண்டும் என்ற பேச்சும் அதோடு முடிந்தது. நூற்று மூன்று தாய்மார்களுக்கு இன்னொரு நர்ஸ் எதற்கு? அவளுக்குச் சுவரோரம் திரும்பிப் படுத்திருந்த முதுகு ஒன்று நினைவுக்கு வந்தது.

“பிழை இல்லீங்க” என்றாள். மேசை இழுப்பறையிலிருந்து நீல நோட்டுகளை எடுத்து, முந்தானையால் ஒரு தடவை துடைத்துக் கொடுத்தாள். “போன வருஷத்துது நாலாவது நோட்டு. நூத்திப் பதினெட்டுப் பேரு. ஆளுக்கு ரெண்டு. சரியாயிருக்கும், எண்ணிப் பாருங்க.”

அவர் எண்ணவில்லை. படித்தார். ஒவ்வொரு வரியாக விரல் ஓடியது. பெயர், புருஷன் கம்பெனி, லைன் சொந்தக்காரர், வளையல் போடுகிற தேதி, போகிற ஊர். ஒரு வரியில் விரல் நின்றது.

“இது எங்க ஊர்ப் பக்கம்லா.” கண்ணாடியைக் கழற்றினார். “ரெண்டு வருசமா எங்க டாக்டரு எங்கிட்ட மல்லுக்கு நிக்காரு. பதிவே இல்லாத புள்ளைக பிரசவத்துக்கு வந்து குமியுது, படுக்கை பத்தல, ரத்தம் பத்தல, முன்னாடி யாரு பாத்தா என்ன மருந்து குடுத்தான்னு ஒண்ணும் தெரியலன்னு. எங்க பாத்தீகன்னு கேட்டா, ஓசூர்ல ஒரு அக்கா ஊசி போட்டாகங்குதுக. அந்த அக்கா நீங்கதானா?”

“ஊசி போடறவங்க நெறைய பேரு இருக்காங்க. நானும்தான்.”

“ஏன் பதிவேட்டுல ஏத்தல?”

சென்னகிருஷ்ணனின் கழுத்து வேர்த்திருப்பது தெரிந்தது. அவள் அவரைப் பார்க்கவில்லை.

“பொறந்தது எங்கன்னு எழுதச் சொல்றாங்க. எனக்குத் தெரியறதில்ல. தெரியாதுன்னு எழுத அதுல எடமில்ல. அதனால நானே ஏத்தாம விட்டன். தப்பு என்னுதுதான்.” சுவரில் இருந்த பெயின்ட் எண்ணைக் காட்டிச் சொன்னாள்: “இந்த ஊருல பதினாலாயிரம் பேரு இருக்காங்க. ரோட்டுக்கு அந்தாண்ட ஒரு நர்ஸு வேணும். என்னால எட்டல.”

ருக்மணியைப் பற்றியும் சொன்னாள். நான்கு வாக்கியத்தில் முடித்துவிட்டாள். மருந்துக்கடைக்காரர், குழுவோடு வந்திருந்த சுருக்கெழுத்தரைப் பார்த்து, “எல்லாம் எழுதிக்கிடுங்க” என்றார். அவர் எழுதினார். பென்சில் ஓடுகிற சத்தம் அவள் காதில் நல்ல சத்தமாகவே விழுந்தது. நான்கு நோட்டையும் ஆதாரமாக இணைக்க வேண்டும் என்று கட்டி எடுத்துக்கொண்டார்கள். ஜீப்புகள் போன பிறகு, பக்கத்து வீட்டு நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்கும்போதுதான், அடுத்த மாதம் இரண்டாவது ஊசி யார் யாருக்கு என்பதும் அந்த நோட்டோடு போய்விட்டது என்று அவளுக்கு உறைத்தது.

மறுநாள் சாக்பீஸ் எடுத்துக்கொண்டு ராமப்பன் லைனிலிருந்து ஆரம்பித்தாள். கதவுக்குக் கதவு தட்டி மறுபடியும் எழுதினாள். பதினொரு நாள் ஆனது. இந்தத் தடவை நீல நோட்டு வாங்கவில்லை. பதிவேட்டிலேயே நம்பர் போட்டு ஏற்றினாள்.

மெமோ வந்தது. தனி நோட்டுப் பராமரித்தது ஏன், ஏழு நாளுக்குள் விளக்கம். எழுதிக் கொடுத்தாள். ஒரு வருஷ ஊதிய உயர்வை நிறுத்தி வைத்தார்கள். சனிக்கிழமை மத்தூரில் அதைச் சொன்னபோது, திம்மராயன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

“நர்ஸு குடுத்தாங்களா?”

“பாப்பாங்களாம்.”

“யாரு?”

“அது தெரியல.”

அவர் வாளியைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனார். அவரும் களைத்த மனுஷன்தான்.

குழுவின் அறிக்கை 2008 பங்குனியில் அச்சாகி வந்தது. கிருஷ்ணகிரிப் பகுதியில் கெம்பேபள்ளி இரண்டு இடங்களில் வந்திருந்தது. சென்னகிருஷ்ணன் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து மாதாந்திரக் கூட்டத்துக்கு முன்னால் அவளிடம் கொடுத்தார். முதல் இடம்: தடுப்பூசி மருந்து பெருமளவு வீணாவதைக் குழு கவலையுடன் நோக்குகிறது, களப் பணியாளர்களுக்கு மறுபயிற்சி அளிக்கப் பரிந்துரைக்கிறது. இரண்டாவது இடம்: துணை நிலையத்தைப் பிரிக்கும் கோரிக்கை குறித்துத் துறையின் எழுத்துபூர்வ பதில். 2006-07இல் பதிவேட்டின்படி கர்ப்பிணிகள் நூற்று மூன்று. எனவே அவசியம் எழவில்லை.

“அந்த மருந்துக்கடைக்காரரு சொன்னது?”

“உறுப்பினர் ஒருவர் கருத்துத் தெரிவித்தார்னு ஒரு வரி இருக்குது. துறை பதில் அப்பவே போயிருச்சு சிஸ்டர். நான்தான் அனுப்புனன், உங்க நோட்டு போறதுக்கு முன்னாடியே. நாப்பத்து மூணு கேள்விக்கும் சேத்து.” அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “எண்ணெல்லாம் சரியா நின்னுச்சு.”

மறுபயிற்சிக்கு அவளைத்தான் முதலில் அனுப்பினார்கள். கிருஷ்ணகிரியில் ஒரு நாள். குப்பியை எப்படித் திறப்பது, எப்படிப் பொருத்தமான நாளில் பெண்களை ஒன்றுசேர்த்துப் போட்டு மிச்சம் பிடிப்பது என்று முப்பது வயது டாக்டர் ஒருவர் படம் போட்டுக் காட்டினார். மதியம் தக்காளி சாதம். சரோஜம்மாள் பின் வரிசையில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றார்கள்.

அந்தச் சித்திரையில் ஒருநாள், துணை நிலையத்து வாசலில் வீரலட்சுமி வந்து நின்றாள். முத்துக்குமாரின் மனைவி, புது லேஅவுட்டில் மூன்றாம் லைன். கை நிறையக் கண்ணாடி வளையல். வெளியே வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

“நர்சக்கா, போயிட்டு வாரேன். எங்கம்மா அவசரப்படுத்துதாக.”

“நில்லும்மா.” சரோஜம்மாள் ஒரு தபால் கார்டை எடுத்தாள். ஒரு பக்கம் துணை நிலையத்து விலாசம். மறுபக்கம் அவள் கையாலேயே கோடு போட்டு நான்கு கட்டம்: ஆணா பெண்ணா, எடை, தேதி, ஆஸ்பத்திரி. “பொறந்ததும் யார்கிட்டயாவது குடுத்து எழுதிப் பொட்டியில போடச் சொல்லு. நான் போன் பண்ணிக் கேக்க முடியாது. உங்க வூட்டுக்காரரு நம்பரு மாசத்துக்கு ஒண்ணு.”

“கார்டா? இப்ப யாருக்கா கார்டு போடுதா?”

“நீ போடு.”

வீரலட்சுமி சிரித்துக்கொண்டே கார்டை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். வளையல் சத்தம் நடையைத் தாண்டி ரோட்டுக்குப் போய், வேன் கதவுக்குள் அடங்கியது.

ஐந்து மாதத்தில் சரோஜம்மாள் ஐம்பத்திரண்டு கார்டுகள் கொடுத்திருந்தாள். திரும்பி வந்தவை இருபத்தொன்று. சிலதில் எடையைப் போடவில்லை. ஒன்றில் நான்கு கட்டத்தையும் விட்டுவிட்டு, ‘அம்மா மகன் நலம்’ என்று மட்டும் இருந்தது. வீரலட்சுமியின் கார்டு ஆடியில் வந்தது. தேதி, எடை, ஆஸ்பத்திரி பெயர், பெண். ஓரத்தில் சின்ன எழுத்தில், ‘இங்க நர்சு எத்தன ஊசி போட்டன்னு கேட்டாக, ரெண்டுன்னு அட்டையக் காட்டினேன்.’ கார்டுகளை அவள் பசை தடவிப் பதிவேட்டிலேயே அந்தந்தத் தாயின் பக்கத்தில் ஒட்டினாள். பதிவேடு உப்பி, மூடாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. கட்டுப் போடுகிற துணியால் அதைக் கட்டி எடுத்துப் போவாள்.

ஆவணி மாதக் கூட்டம். நடந்து முடிந்ததும் வழக்கம்போல ஒவ்வொரு நர்சும் சென்னகிருஷ்ணனின் மேசைக்குப் போய் எண் சொன்னார்கள். சரோஜம்மாள் கடைசி.

“கெம்பேபள்ளி. புதுப் பதிவு?”

“இருவத்தொண்ணு.”

“முடிவு தெரியாத தாய்?”

“எட்டு.”

பேனா நின்றது. அவர் குரலைத் தாழ்த்தினார்.

“எட்டுப் படிவம் வரும் சிஸ்டர். ஆளுக்கு நாலு பக்கம். ரிட்டையர் ஆவ இன்னும் அஞ்சு மாசம். எதுக்கு?”

“சார், இந்த வருசத்து எண்ணத்தான அடுத்த தடவ கேள்வி வந்தா எழுதுவீங்க?”

“ஆமா.”

“அப்ப எழுதுங்க.”

அவர் அவளைப் பார்த்தார். பிறகு கட்டுத்துணியில் கட்டிய பதிவேட்டைப் பார்த்தார். இருபத்தொன்று என்று எழுதினார். பக்கத்தில் எட்டு என்று எழுதினார். இழுப்பறையைத் திறந்து படிவங்களை எண்ணி எடுத்து, விளிம்பைத் தட்டிச் சமன் செய்து கொடுத்தார்.

“அந்தாண்ட நர்ஸு வந்தாலும் உங்களுக்கப்புறம்தான் வருவாங்க.”

“வரட்டும்.”

அவள் படிவங்களைப் பையில் வைத்தாள். அலுவலகத்துக்கு ஐந்து படிகள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். முதல் படிவத்தில் எழுத வேண்டிய விலாசம் ராமப்பன் லைன், நான்காம் அறை. ஒவ்வொரு படியாக இறங்கி, கெம்பேபள்ளிக்குப் போகிற டவுன் பஸ்ஸுக்கு நடந்தாள்.